வான்கோழி என்று சொல்லாதீர்கள்

கேள்வி: 1944 ஜூன் 19 அன்று பசிபிக் கடலின் மரியானா தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையில் ஜப்பான் ஒரே நாளில் 300 விமானங்களுக்கு மேல் இழந்ததாமே! அமெரிக்கர்கள் அதற்கு 'வான்கோழி வேட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். ஜப்பான்காரர்களுக்கு விமானம் ஓட்டவே தெரியாதா?

பதில்: தெரியாதுதான். ஆனால் அது அவர்கள் குற்றமில்லை, யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் அந்த வான்கோழியை விட்டுவிடுங்கள். அது லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலில் உயிரோடு வந்து இறங்கிய ஒரு விமானி சொன்ன வார்த்தை என்பார்கள். சாவைப் பார்த்துவிட்டு வந்தவர் எதையும் சொல்லலாம். 80 வருஷம் கழித்து நாம் அதைச் சொல்லிச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பான் ராணுவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்ததை மறந்தால்தானே அப்படி வாங்க முடியும்? நான் பேசுவது அந்த விமானத்துக்குள் உட்கார வைக்கப்பட்ட பையன்களைப் பற்றி.

அன்று காலை 10 மணி வாக்கில் ஜப்பானிய விமானங்களின் முதல் அலை வருவதை, அது 150 மைல் தொலைவில் இருக்கும்போதே அமெரிக்க ரேடார் காட்டிவிட்டது. இனிமேல்தான் விஷயம். சுமார் 70 மைல் தூரத்தில், 20,000 அடி உயரத்தில், வந்த விமானங்கள் அப்படியே வட்டமிட ஆரம்பித்தன. எதற்கு? யார் எந்த இடத்தில் வர வேண்டும், யார் எதைத் தாக்க வேண்டும் என்று தலைவர் ரேடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும் முன்பே மனப்பாடமாகியிருக்க வேண்டிய பாடத்தை, எதிரியின் வாசலில் நின்றுகொண்டு. லெக்சிங்டனில் ஜப்பானிய மொழி தெரிந்த ஓர் அதிகாரி அந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருந்தார். கிடைத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அமெரிக்காவின் ஹெல்கேட் போர் விமானங்கள் மேலே ஏறி, உயரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. சுமார் 70 விமானங்கள் வந்த அந்த அலையில் 40-க்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. அடுத்த அலைக்கு இன்னும் மோசம். அலெக்சாண்டர் வ்ராசியு என்ற அமெரிக்க விமானி, என்ஜினிலிருந்து தெறித்த எண்ணெய் முன்கண்ணாடியை மறைத்த நிலையிலும், எட்டே நிமிஷத்தில் ஆறு குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். ஆறு விரல்களைக் காட்டியபடி அவர் சிரிக்கும் படம் இன்றும் பிரபலம்.

அவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவரைப் போன்றவர்களுக்குப் பின்னால் இரண்டு வருஷப் பயிற்சி இருந்தது. எதிரே வந்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு மூன்று, மற்றொன்றுக்கு வெறும் இரண்டு. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய தேர்ந்த விமானிகளை மிட்வேயிலும் சாலமன் தீவுகளிலும் சாகும் வரை பறக்க விட்டார்கள். அமெரிக்காவோ, நன்றாகச் சண்டையிட்டவரை ஊருக்குத் திருப்பி அனுப்பி, போய்ப் புதிய பையன்களுக்குக் கற்றுக்கொடு என்றது. ஜப்பானில் கற்றுக்கொடுக்கப் போதுமான ஆள் மிச்சமில்லை, பெட்ரோலும் இல்லை. போதாக்குறைக்கு, சண்டைக்கு முந்தைய ஒரு மாதம் ஜப்பானியத் தளபதி ஒசாவாவின் கப்பற்படை பிலிப்பைன்ஸின் தாவி-தாவி தீவில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. அங்கே விமானத்தளம் கிடையாது, வெளியே போனால் அமெரிக்க நீர்மூழ்கிகள். கற்றிருந்த கொஞ்சநஞ்சமும் மறந்து போகாதா? ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தில் விமானிக்குக் கவசமும் இல்லை, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்கும் இல்லை.

பயமா என்று கேட்காதீர்கள். அன்று காலை தைஹோ என்ற ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து அப்போதுதான் மேலே எழும்பிய சகியோ கொமாட்சு என்பவர், டார்பிடோ ஒன்று தன் கப்பலை நோக்கி வருவதைப் பார்த்து, விமானத்தோடு அதன் மேல் பாய்ந்து செத்தார். அதே சமயம் இன்னொரு டார்பிடோ வந்து பட்டது. ஒன்றே ஒன்றுதான், கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே கசிந்த பெட்ரோல் ஆவியை வெளியேற்றுவதாக நினைத்துக் காற்றுக் குழாய்களைத் திறந்துவிட, அது கப்பல் முழுக்கப் பரவி, சில மணி நேரம் கழித்து வெடித்தது. மார்ச்சில்தான் படையில் சேர்ந்த புத்தம் புதுக் கப்பல். அங்கேயும் அனுபவமில்லாத கைகள்தான்.

மறுநாள் ஒரு காட்சி. சாயங்காலம் 200-க்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் ஒசாவாவைத் துரத்திப் போய், கும்மிருட்டில், பெட்ரோல் தீரும் நிலையில் திரும்பி வந்தன. நீர்மூழ்கி அபாயம் இருந்தும், கப்பல்களின் விளக்குகளையெல்லாம் போடச் சொன்னார் அமெரிக்கத் தளபதி மிட்ஷர். அப்படியும் சுமார் 80 விமானங்கள் கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் நாசமாயின. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரைத் தேடித் தேடித் தூக்கிவிட்டார்கள். விமானம் போனால் தொழிற்சாலை செய்து தரும், ஓட்டுகிறவன் வேண்டும் என்ற கணக்கு அது.

ஒசாவா சண்டைக்கு வந்தபோது கப்பல்களில் 430 விமானங்கள் இருந்தன. 20-ம் தேதி இரவு பறக்கும் நிலையில் மிஞ்சியவை 35. அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவருகே நடந்த சண்டைக்கு அவருடைய விமானம் தாங்கிக் கப்பல்களை வெறும் தூண்டிலாகத்தான் அனுப்பினார்கள். அதே மாதம்தான், இறங்கக் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லாத காமிகாசி என்ற தற்கொலைத் தாக்குதல் ஆரம்பமானது.