சாய்த்தால் நிறம் ஓடும் டொலர் கள்ளக் காசா?

கேள்வி: என் மகன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். தங்கிவிட்டுப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் 50 அவுஸ்திரேலிய டொலர் டிப்ஸ் கொடுத்திருக்கிறார். தாள் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது, சாய்த்தால் அதிலுள்ள பறவையின் மேல் நிறம் ஓடுகிறது. மை சரியில்லாத கள்ளக் காசு, கிழித்துப் போடு என்று லயத்தில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஐயோ, கிழித்துவிடாதீங்கம்மா! நீங்கள் பயந்த அந்த நிறம்தான் அந்தத் தாளுக்குக் காவல். 2018இல் வந்த புதிய 50 டொலர் தாளில் ஒரு பக்கம் கறுப்பு அன்னத்தின் உருவத்துக்குள்ளேயும், மறுபக்கம் மேல் மூலைக்குக் கிட்ட ஒரு திட்டிலும் இப்படி நிறம் ஓட வேண்டும். ஓடாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மழை நாளில் பஸ் ஸ்டாண்ட் குட்டையில் டீசல் துளி மிதந்து வானவில் காட்டுமே, அதே சங்கதிதான் இங்கேயும். இவ்வகை மையில் சாயத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செதில்கள் இருக்கும். வழக்கமான ஒரு செதிலில் நடுவே அலுமினியம், அதன் இருபுறமும் மக்னீசியம் புளோரைட் என்ற கண்ணாடி போன்ற படலம், வெளியே மிக மெல்லிய குரோமியம். விழுகிற ஒளியில் கொஞ்சம் மேலேயே திரும்பிவிடும், மிச்சம் உள்ளே போய் அலுமினியத்தில் பட்டு வரும். இரண்டும் சேரும்போது ஒரு நிறம் பலக்கிறது, மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாளைச் சாய்த்தால் இரண்டுக்கும் இடையிலான தூர வித்தியாசம் குறைந்து நிறம் நீலப் பக்கமாக நகர்கிறது. அமெரிக்க 100 டொலரின் மூலையில் செம்பு நிற எண் பச்சையாவது இதனால்தான். பட்டையாக ஓடும் வகைகளில், மை காய்வதற்கு முன் காந்தத்தால் செதில்களைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

போட்டோகொப்பி மெஷின் ஒரு கோணத்தில்தான் பார்க்கும், அதனால் அதற்கு ஒரு நிறம்தான் கிடைக்கும். இந்த மை முதலில் பணத்தாளில் வந்தது 1987இல், தாய்லாந்தின் 60 பாத் நினைவுத் தாளில். பிளாஸ்டிக் தாளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் பருத்தித் தாள் மையைக் கொஞ்சம் குடித்துவிடும், வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலோ செதில்கள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மேலிருந்து கீழ்வரை கண்ணாடி போன்ற ஜன்னலும் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் வங்கிக்கே கொண்டுபோய் மாற்றுங்கள், தெருவில் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சம்பள நாள் பின்னேரம் கடையில் கூட்டம். மங்கல் பல்பு வெளிச்சத்தில் 1000 ரூபா கள்ளத் தாள் ஒன்று வந்துவிட்டது. நம்முடைய காசிலும் இந்த நிறம் மாறும் வேலை இருக்கிறதா?
– கடைக்காரர், மஸ்கெலியா

பதில்: இப்படி ஏமாறுகிறவர்கள் கடைசியில் கையில் வைத்திருக்கும் சின்ன வியாபாரிகள்தான், நினைக்கவே மனசு கனக்கிறது. அந்தத் தாளுக்கு ஈடு கிடைக்காது. கள்ளத் தாள் என்று தெரிந்தே இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் அது குற்றம், பொலிஸில் ஒப்படைத்துவிடுங்கள்.

நம் நாட்டில் பிளாஸ்டிக் காசு ஒரே ஒரு தடவைதான் வந்தது, 1998இல், சுதந்திரப் பொன்விழாவுக்கு 200 ரூபா தாளாக. இப்போது கையில் புழங்குவது பருத்தித் தாள். நிறம் மாறும் வேலை பெரிய தாள்களில் பதித்திருக்கும் பாதுகாப்பு இழையில் இருக்கிறது, அதையும் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். ரம்பொடை சுரங்கப்பாதை படம் போட்ட 1000 ரூபாவில் ஒரு கிளி அச்சிட்டிருக்கிறதே, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளேயும் கிளி உருவம் தெரிய வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் நல்ல வெள்ளை பல்பு ஒன்று போடுங்கள், சம்பள நாளில் பெரிய தாள்களை ஒவ்வொன்றாக அதன் கீழே சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். வரிசையில் நிற்பவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள்.