தோல்வி என்ற சொல்

கேள்வி: குணப்படுத்த முடியாத நிலையை அடைந்த பௌத்தப் புற்றுநோயாளிகள் மரணத்தை அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்களாமே, நோயிடம் தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே அது?

பதில்: 'தோல்வி' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். 'புற்றுநோயுடன் போராடித் தோற்றார்' என்று எழுதும் இரங்கல் குறிப்புகளை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன். செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகியதற்குப் படுக்கையில் கிடப்பவரின் வீரக்குறைவா காரணம்?

பௌத்தர்களின் ஏற்பு, வலியே இல்லாததுபோல் காட்டிக்கொள்வதும் அன்று. பாலி மொழியிலுள்ள பௌத்த உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 143-ஆவது சூத்திரத்தில், அநாதபிண்டிகர் என்னும் வணிகர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். வலி தணிகிறதா என்று புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் கேட்க, கூரிய வாளால் தலையைப் பிளப்பது போலவும், கசாப்புக்காரர் கத்தியால் வயிற்றைக் கீறுவது போலவும் அது கூடிக்கொண்டே போகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார். சாரிபுத்தரும் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று தேற்றவில்லை. கண்ணை, காதை, உடலை, மனத்தை, இவ்வுலகை, மறுவுலகை என ஒவ்வொன்றாகச் சொல்லி, எதையும் பற்றிக்கொள்ளாதிருக்கப் பழகச் சொல்கிறார். வணிகர் அழுகிறார். தளர்ந்துவிட்டீரா என்று உடனிருந்த மற்றொரு சீடர் ஆனந்தர் பதறிக் கேட்க, இல்லை, இத்தனை காலம் புத்தரை அண்டியிருந்தும் இத்தகைய பேச்சைக் கேட்டதில்லையே என்கிறார். துறவிகளுக்கே சொல்லப்படுவது இது என்று அறிந்ததும், இல்லறத்தாருக்கும் சொல்லுங்கள், புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள் என்று வேண்டுகிறார். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் உறவினர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த வேண்டுகோள்தான் நினைவுக்கு வருகிறது.

உடல்வலி முதல் அம்பு, அதை எண்ணிப் புலம்பும் மனவேதனை இரண்டாவது அம்பு என்பது புத்தரின் உவமை. இரண்டாவது அம்பைத் தவிர்ப்பது கடைசி வாரத்தில் கைகூடுவதன்று. அடுத்த மூச்சு வராமல் போகலாம் என்று நினைவில் இருத்தும் மரணானுஸ்மிருதித் தியானத்தில் பல ஆண்டுகள் பழகியவர்களுக்கே அது ஓரளவு எளிது. பழகாத பௌத்தர் மற்றவர்களைப் போலவே அஞ்சுவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் அம்புக்கு மருந்து உண்டு. இறக்கும் தறுவாயில் மனம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக மார்ஃபினை மறுக்கும் பௌத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது பெரும் பிழை. வலி மிகும்போது தியானம் குலையும் என்பதையும், அளவறிந்து கொடுத்தால் பெரும்பாலோர் விழிப்புடன் இருக்க முடியும் என்பதையும் பொறுமையாகச் சொல்லி, எவ்வளவு மயக்கம் தமக்குச் சம்மதம் என்பதை நோயாளியையே முடிவுசெய்ய விட வேண்டும்.