பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ராமேஸ்வரம் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். மனைவி ஒன்றரை வருடமாக வேம்பாரில் அம்மா வீட்டில் இருக்கிறார். ஏழு வயது மகளும் அங்கேதான் படிக்கிறாள். பிரியும்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 20 ரூபாய் பத்திரத்தில், 'எட்டு வயதானதும் பிள்ளை அப்பாவிடம் வர வேண்டும்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது போனில்கூடப் பேச விடுவதில்லை. பள்ளிக்கூட வாசலில் வைத்தே கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார்கள் கூட்டாளிகள். வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்தக் கூட்டாளிகளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் தம்பி. பெற்ற அப்பா மேல் கடத்தல் வழக்கு நிற்குமா என்பது வேறு விஷயம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை அழ வைத்துத் தூக்கி வந்தவர் என்று நீதிபதி மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால், அதை அழிக்க எந்த வக்கீலாலும் முடியாது.

பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பெரியவர்கள் எழுதியது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. உங்கள் மதம் எது என்று எழுதவில்லை. இந்துக்களுக்கு 1956-ம் வருடச் சட்டத்தில், ஐந்து வயது முடியும்வரை பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அதற்காக எட்டு வயதில் தானாக உங்களிடம் வந்துவிடுவாள் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் நலன் எங்கே என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

மனு போட 1890-ம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. எல்லா மதத்தவரும் அதில் போகலாம். அந்த மனுவைத்தான் கோர்ட்டில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் போட வேண்டும். வேம்பார் நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்தான், ஆனாலும் அது தூத்துக்குடி மாவட்டம். ராமநாதபுரத்தில் போட்டுவிட்டு, எல்லை இல்லை என்று மனு திரும்பி வர, மாதங்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

வழக்குக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மனைவியையும் அழைத்துப் பேச வைப்பார்கள், கட்டணம் இல்லை. அங்கே சமரசமாகி லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். உங்கள் பத்திரத்துக்கு இல்லாத பலம் அதற்கு உண்டு. பேச்சு முறிந்தால் இலவச வக்கீலும் அங்கேயே கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே தருவார்கள், அதனால் உங்கள் மனைவிக்கும் வக்கீல் கிடைப்பார். உங்களிடம் வருமானச் சான்று கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

மகளை நிரந்தரமாகக் கேட்பதா? கேட்கலாம். ஆனால் நீங்கள் கடலில் இருக்கும் ராத்திரியில் அவள் யாரிடம் இருப்பாள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உங்கள் அம்மாவோ அக்காவோ இருந்தால் மனுவிலேயே எழுதுங்கள். என்னைக் கேட்டால், மனு நடக்கும்போதே இடைக்கால உத்தரவாக அவளைப் பார்க்க அனுமதி கேட்பதைத்தான் முதல் வேலையாக வைப்பேன். ஒன்றரை வருடம் பார்க்காத பிள்ளையைத் திடீரென்று வீடு மாற்ற எந்த நீதிபதியும் யோசிப்பார்.

நாளைப் பார்த்துக் கேளுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறது. வக்கீல் பழக்கத்தில் சனிக்கிழமை என்று எழுதிவிட்டால், ஒன்று தொழில் போகும், இல்லை பிள்ளையைப் பார்க்க வரவில்லை என்று எதிர்த்தரப்பு எழுதும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கேளுங்கள். அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், பள்ளிக்கும் கோடை விடுமுறை. அதில் சில வாரங்கள் மகள் உங்களோடு தங்கட்டும் என்று கேட்டால் மறுக்க எளிதில் காரணம் கிடைக்காது.

மகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை. பார்க்க விடவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்த முடியாது, இரண்டும் தனித்தனி. கையில் கொடுத்து விடாமல் மனைவியின் வங்கிக் கணக்கில் போடுங்கள், ரசீது உங்களுக்குத்தான் உதவும்.