துணிக் கேள்விகள்: கிராஃபீன் பனியன் சலவைக்குத் தாங்குமா?

கேள்வி: ஐயா, நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பருத்தித் துணியில் கிராஃபீன் பூசினால் அதில் மின்சாரம் ஓடும், இதயத் துடிப்பைப் பார்க்கிற பனியன் தைத்து விற்கலாம் என்கிறான். பொடி வாங்கப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா? துவைத்தால் நிற்குமா?
– ஒரு வாசகி, வாக்வா

பதில்: தம்பி சொல்வது உண்மைதான் அம்மா. ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மொரீஷியஸ் சாயப்பட்டறைகளிலேயே என் காலம் போனது. எந்தப் புதுத் துணி வந்தாலும் துவைத்துப் பார்க்காமல் நான் பேசமாட்டேன்.

கிராஃபீன் ஒரே ஓர் அணுவின் கனமுள்ள கரித் தகடு. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்சில் கரியான கிராஃபைட்டின் மேல் டேப்பை ஒட்டி உரித்தே அதைப் பிரித்தார்கள். ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவருக்கும் 2010-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது தண்ணீரில் லேசில் கலக்காது. அதனால் துணிக்கு அதிகமாகப் பாவிப்பது, ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீனான கிராஃபீன் ஆக்சைடு. தண்ணீரில் கலந்தால் கடும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். துணியை அதில் நனைத்து, பிழிந்து, காய வைத்தால் பழுப்பாகும், மின்சாரம் ஓடாது. ஆக்சிஜனைக் கழற்ற வேண்டும். அதற்கு நம் பட்டறையில் இண்டிகோவுக்குப் போடும் ஹைட்ரோஸே போதும். சூடான ஹைட்ரோஸ் தண்ணீரில் பழுப்பு கறுப்பாக மாறும், மின்தடை அளக்கும் மீட்டரின் முள் அசையும். ஜப்பானில் 2010-லேயே கிராஃபீன் ஆக்சைடைச் சாயமாகவே வைத்து இப்படிச் செய்தார்கள். ஆக, இது நம் தொழில்தான், தைரியமாக இறங்கலாம். வீட்டில் செய்வதானால் ஹைட்ரோஸ் வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் டப்பா திறந்து கிடந்தால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வைட்டமின் சி பொடியைப் பாவிக்கச் சொல்லுங்கள், நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

இனி சலவை. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். கிராஃபீன் ஆக்சைடு அப்படியில்லை. அதிலுள்ள ஆக்சிஜன்தான் பருத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மின்சாரம் ஓட வேண்டுமென்று அந்த ஆக்சிஜனையே நாம் கழற்றுகிறோம், பிடியும் தளர்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய கவலை இதுதான். மேலே மெல்லிய பாலியுரித்தேன் பிளாஸ்டிக் படலம் பூசினால் சலவைக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் தோலைத் தொட வேண்டிய இடத்தையும் அது மூடிவிடும், துடிப்பு எப்படித் தெரியும்? அதனால் முழுப் பனியனையும் முக்க வேண்டாம். நெஞ்சில் இரண்டு மூன்று துண்டுகள் மட்டும், பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி தையுங்கள். துண்டு போனால் புதுத் துண்டு. ஒரு தையல்காரரால் மட்டும் முடிகிற வேலை இது.

சோதிக்கும்போது ஒன்று. ஈரத் துணியில் மீட்டரை வைக்கக் கூடாது. வியர்வை உப்பும் சோப்பும் தாமாகவே மின்சாரம் கடத்தும், மீட்டர் நல்ல எண் காட்டும், ஏமாந்துபோவோம். சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105-சி06 முறையில் துவைத்து, எலும்பு போலக் காய்ந்த பிறகு அளக்கட்டும். ஒவ்வொரு சலவைக்கும் எண்ணை எழுதி வைக்கட்டும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பொடி வாங்குவதிலும் கவனம் வேண்டும். கிராஃபீன் என்று விற்ற 60 நிறுவனங்களின் சரக்கைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை, மீதி வெறும் கிராஃபைட் தூள்.

கேள்வி: கிராஃபைட் மடகாஸ்கரிலேயே கிடைக்கிறதே, அதையே அரைத்துப் பூசினால் என்ன?
– ஒரு வாசகர், மஹேபூர்க்

பதில்: மடகாஸ்கரின் செதில் கிராஃபைட் அருமையான சரக்கு, ஐயமில்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் அடுக்குகள் உண்டு. அரைத்தால் பொடியாகுமே தவிர, அடுக்கு பிரியாது. துணியில் தேய்த்தால் மீட்டர் கொஞ்சம் காட்டும். அப்புறம் கையெல்லாம் கரி.

கேள்வி: ஜூலையில் க்யூர்பிப் மழையும் குளிரும் தாங்க முடியவில்லை. இந்தத் துணியில் பேட்டரி வைத்துச் சூடாகும் ஜாக்கெட் தைக்கலாமா? ஷாக் அடிக்குமா?
– ஒரு வாசகி, க்யூர்பிப்

பதில்: 12 வோல்ட் பேட்டரியில் ஷாக் பயம் வேண்டாம் அம்மா. சூடு வருமா என்பதுதான் கேள்வி. துணியின் மின்தடை 1,000 ஓம் என்றால் 12 வோல்ட்டில் கிடைப்பது 0.144 வாட், ஒன்றும் தெரியாது. 5 வாட் வேண்டுமானால் தடை 29 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குத் துணியைத் திரும்பத் திரும்ப முக்கிக் காய வைக்க வேண்டும், துணியும் விறைத்துப்போகும். ஒரு சுலப வழி உண்டு. மின்சாரம் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடும்படி, துணியின் இரண்டு நீள ஓரங்களிலும் மின்சாரம் கடத்தும் வெள்ளி நூலை ஓட்டித் தையுங்கள். 10 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டையில் ஓடும் தூரம் கால் பங்காகும், வழி நான்கு மடங்கு அகலமாகும்; அதனால் குறுக்குத் தடை, நீளத் தடையில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும்.