மூக்கில் ஆபரேஷன், மரத்துப்போனது முன்பல்: ரூட் கெனால் தேவையா?

கேள்வி: மூக்குத் தண்டு வளைவையும் மூக்கின் வெளித்தோற்றத்தையும் சேர்த்துச் சரிசெய்ய மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டேன். மூக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மேல் முன்பற்கள் இரண்டும் மரக்கட்டை போல இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அண்ணத்திலும் உணர்ச்சி இல்லை. சிரித்தால் மேலுதடு இழுக்கிறது. பல் மருத்துவர் ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, இரண்டு பல்லுக்கும் ரூட் கெனால் செய்துவிடலாம் என்கிறார். செய்துகொள்ளட்டுமா?
- வாசகி, 29 வயது

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பற்களில் கை வைக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மூக்கில் செய்த ஆபரேஷனுக்கு வாய் ஏன் மரக்க வேண்டும்? நாக்கின் நுனியால் மேல் முன்பற்களுக்குப் பின்னால் நட்டநடுவே தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதற்கு அடியில் எலும்பில் ஒரு துவாரம் இருக்கிறது. மூக்கின் நடுத்தண்டை ஒட்டியே பின்னாலிருந்து முன்னோக்கிச் சரிந்து வரும் ஒரு நரம்பு, பக்கத்துக்கு ஒன்றாக, அந்தத் துவாரம் வழியாகத்தான் வாய்க்குள் இறங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் அந்தோனியோ ஸ்கார்பாவின் பெயரால் அதை ஸ்கார்பா நரம்பு என்றும் சொல்வோம். ஒரு கோரைப்பல் முதல் மறு கோரைப்பல் வரை, ஆறு பற்களுக்குப் பின்னால் இருக்கும் அண்ணத்துக்கு உணர்ச்சி தருவது அதுதான். நடுவில் உள்ள இரண்டு பற்களின் உணர்ச்சியிலும் அதற்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

தண்டின் அடிப்பகுதி மேல்தாடை எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவு அங்கேயும் இருந்தால் சவ்வைப் பிரித்து, துருத்தும் எலும்பைச் செதுக்கி எடுக்க வேண்டியிருக்கும். அப்போது நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், சில சமயம் அறுந்தும் போகலாம். கவனமாகச் செய்யும் கைகளிலும் இது நடக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான் நீங்கள் இப்படித் தவிக்கிறீர்கள். அது சரியில்லை.

சரி, ரூட் கெனாலுக்கு வருவோம். ஐஸ் வைத்துப் பார்ப்பது பல்லின் உணர்ச்சியைத்தான் சோதிக்கும், ரத்த ஓட்டத்தை அல்ல. பல்லின் உயிர் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. காலிங் பெல் வேலை செய்யவில்லை என்பதற்காக வீட்டில் ஆளே இல்லை என்று முடிவு கட்ட முடியுமா? உணர்ச்சி நரம்பு அடிபட்ட பல், ரத்தம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், ஐஸுக்குப் பதில் சொல்லாது. அதில் துளை போட்டுவிட்டால் நல்ல பல்லின் உயிரை நாமே எடுத்ததாகிவிடும். பல் சாம்பல் நிறமாக மாறினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ, கடிக்கும்போது வலித்தாலோ, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருநிழல் தெரிந்தாலோ கதை வேறு. அப்போது தள்ளிப்போடாதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் திரும்பச் சோதித்தால் போதும்.

நரம்பு வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதனால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்புகிறது. சிலருக்குப் பல்லுக்குப் பின்னால் சின்ன இடம் ஒன்று மட்டும் மந்தமாகவே தங்கிவிடும். நாளாக நாளாக அது கவனத்துக்கே வராது. நடுவில் எறும்பு ஊர்வது போலவோ ஊசி குத்துவது போலவோ இருந்தால் பயப்படாதீர்கள், நரம்பு விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும். பி12 மாத்திரை கேட்பீர்கள். உடம்பில் அந்தச் சத்து குறைவாக இருந்தால் அவசியம் சாப்பிடுங்கள். குறைவில்லாதவர்கள் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் ஒன்று செய்யலாம். கண்ணாடி முன் நின்று, சுத்தமான பட்ஸை நனைத்து அண்ணத்தில் ஒரு கோரைப்பல் பக்கமிருந்து மறுபக்கம் வரை மெதுவாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே உணர்ச்சி நிற்கிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று ஒரு தாளில் படமாக வரைந்து தேதி போடுங்கள். மாதம் ஒருமுறை போதும். மரத்த இடம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அதுவரை சூட்டில் கவனம். கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்து அண்ணம் வெந்துபோனதுகூடத் தெரியாமல், இரண்டு நாள் கழித்துத் தோல் உரிந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். முறுக்கு, தட்டை போன்றவற்றைக் கடைவாயில் மெல்லுங்கள்.

மேலுதட்டு இழுப்புக்குக் காரணம் வேறு. மூக்கின் அடியிலிருந்து மேல்தாடைக்கு இறங்கும் ஒரு சிறு தசை, சிரிக்கும்போது மூக்கு நுனியைக் கீழே இழுக்கும். நுனியைத் திருத்தும்போது அந்த இடம் வீங்கும், சில சமயம் அந்தத் தசையையே விடுவிப்பார்கள். அதனால் சிரிப்பு கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும், வீக்கம் வடிய வடிய இளகிவிடும்.

வாய் வறட்சியும் ருசி மந்தமும் இருந்தால், மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சு விடுவதுதான் பெரும்பாலும் காரணம். மணம் தெரியாமல் ருசி தெரியாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளித்தாலும் நாக்கு கொஞ்ச நாள் ருசி மாறிச் சொல்லும்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகி, தொண்டையில் உப்புக் கரிப்பது, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வருவது, இரண்டு பக்கமும் மூக்கடைப்பு ஏறி வலியோடு காய்ச்சல் வருவது, நிற்காத ரத்தக்கசிவு, வாய் ஒரு பக்கம் கோணுவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பல் மருத்துவரிடம் மறுபடி போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள். தண்டில் ஆபரேஷன் நடந்தது அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இந்த முறை எக்ஸ்ரே ஒன்று மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாம் மாதம் எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.