ஆகஸ்டில் எந்தக் கரை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொண்டேன். மார்பளவு அலைகளில் இப்போது பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறது. வரும் ஆகஸ்டில் இலங்கை செல்கிறேன். விசாரித்தவர்கள் எல்லோரும் தென்கரையிலுள்ள வெலிகமையைத்தான் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத கடற்கரைப் பகுதிக்குப் போகும் ஒருவர் தனக்கேற்ற அலை எங்கே கிடைக்கும் என்பதைத் தானே கண்டுகொள்ள வழி உண்டா?

க., சென்னை

அன்புள்ள க.,

உண்டு. ஆனால் எந்தக் கடற்கரை என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். மணல் தரையும் அகன்ற வளைகுடாவும் கொண்ட வெலிகமை கற்பவர்களுக்கு மிகவும் ஏற்ற இடம் என்பதில் ஐயமில்லை. உங்களிடம் அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே சென்றவர்களாக இருக்கக்கூடும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று தீவின் தெற்கு, மேற்குக் கரைகளைக் கடல் பக்கமிருந்து தாக்குவதால் அங்கே அலைகள் ஒழுங்கு குலைந்து வருகின்றன. அதே காற்று தீவைக் கடந்து கிழக்கே இறங்கும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதி மக்கள் கச்சான் என்று அழைக்கும் வறண்ட காற்று அதுதான். எழுந்து வரும் அலையை அது எதிரிலிருந்து தாங்கிப் பிடிப்பதால், அலை அவசரமாகச் சரிந்துவிடாமல் நின்று உடைகிறது. ஆகவே நீங்கள் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம்குடாவுக்குச் செல்லுங்கள்.

அடுத்ததாக, அலை எங்கிருந்து வருகிறது, கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அந்த மாதங்களில் வரும் நல்ல அலைகள் தென்கடலில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயல்களில் பிறந்தவை. வெகுதொலைவு பயணம் செய்ததால் அவற்றுக்கிடையே சீரான இடைவெளி இருக்கும். கடல்நிலை முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் பன்னிரண்டு வினாடிக்கு மேல் இருந்தால் அது தொலைவிலிருந்து வந்த, வலுவுள்ள அலை. ஆறேழு வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய கலக்கம். தெற்கிலிருந்து வரும் அந்த அலை கிழக்குக் கரையின் முனை ஒன்றைச் சுற்றும்போது, ஆழம் குறைந்த பக்கம் வேகமிழந்து, கரையை ஒட்டி வளைந்து, முனையிலிருந்து வடக்கு நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே போகிறது. கரையை நோக்கிச் சறுக்கிவரும் உங்களுக்கு அது வலப்பக்கமாக உடைந்து செல்லும் வலக்கை அலை. அறுகம்குடாவைச் சுற்றியுள்ள புகழ்பெற்ற இடங்கள் பெரும்பாலும் இவ்வாறு அமைந்தவையே. வரைபடத்தில் கடலுக்குள் நீட்டிய முனையும் அதன் வடபுறம் ஒதுங்கிய குடாவும் தெரிந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போனதும் மீனவர்களின் படகுகள் எங்கே ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். படகை அலை புரட்டாத இடத்தில்தான் அவர்கள் கரையேற்றுவார்கள். அந்த அமைதியைத் தரும் முனையில்தான் பெரும்பாலும் அலை உடையும். பொத்துவில் மக்கள் தமிழ் பேசுபவர்கள் என்பதால், மற்ற நாட்டுப் பயணிகளுக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. எந்தப் பாறை நீருக்கடியில் மறைந்திருக்கிறது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு அறியலாம்.

புதிய கரை எதிலும் அரைமணி நேரமாவது மணலில் அமர்ந்து பார்க்காமல் நான் இறங்குவதில்லை. உங்களையும் அதையே செய்யக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு கடல் சற்று ஓய்வதைக் கவனியுங்கள். பெரிய கூட்டம் ஒன்று வந்துபோகும்வரை அன்றைய கடலின் உண்மையான உயரம் தெரியாது. உடையும் அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையின்றிக் கருத்து அமைதியாக இருந்தால், கரைக்கு வந்த நீர் அவ்வழியே திரும்பிக்கொண்டிருக்கலாம். புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நம்பி இறங்கிவிடுகிறார்கள். அதில் சிக்கினால் பலகையை விடாமல், இழுப்பை எதிர்க்காமல், கரைக்கு இணையாக விலகி வாருங்கள்.

அறுகம்குடாவின் மெயின் பாயிண்ட் அலை நீளமானது, அழகானது. ஆனால் தரை பாறையும் பவளமுமாக இருக்கும், ஆகஸ்டில் கூட்டமும் மிகுதி. உங்கள் பயிற்சிக்கு முதலில் பேபி பாயிண்ட், பிறகு வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீநட் ஃபார்ம் என்று போவதே நல்லது. விடிந்தவுடன் இறங்கினால் நீர்ப்பரப்பு வழவழப்பாக இருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து அதைக் கலைக்கக்கூடும். அலையின் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்ற ஒழுங்கை மீறாதீர்கள், குறிப்பாக உள்ளூர்ப் பிள்ளைகளிடம். இங்கே பெண்களுக்கென்றே 2018இல் ஓர் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. தயங்காமல் அவர்களைத் தேடிப் பேசுங்கள்.

ஒருநாள் மிச்சமிருந்தால் பாணமைக்கு அப்பால் உகந்தைக்குச் செல்லுங்கள். கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் காட்டுக்குள் நுழையும் முன் தங்கும் முருகன் கோயில் அங்கே உள்ளது. அருகிலேயே நல்ல அலையும் உண்டு. ஆனால் தனியே போக வேண்டாம். வழியிலுள்ள களப்புகளில் (உப்பங்கழிகளில்) முதலைகள் இருப்பதால் அங்கே கால் கழுவவும் இறங்காதீர்கள். பலகையைக் கூரையில் கட்டிச் செல்லும் ஆட்டோக்கள் அறுகம்குடாவிலேயே கிடைக்கும். அந்தச் சாலையில் யானைகள் நடமாடுவதால், வெயில் இருக்கும்போதே திரும்பிவிடும்படி ஓட்டுநரிடம் முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள்.