ஸ்டாண்ட்-அப் காமெடி செய்பவர் படம் இயக்கப் போனால் மேடை அனுபவம் கைகொடுக்குமா?

கொடுக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் கொடுக்காது. நீங்களும் சில வருடம் மைக் பிடித்துவிட்டு, கையில் ஒரு கதையோடு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ஒரே ஒரு குறும்படம் எடுத்தவன் பாடம் நடத்த வந்துட்டான்" என்று கிளம்பப் போகிறவர்களுக்கு: ஆமாம், ஒன்றுதான், அதுவும் சொதப்பல். அதனால்தான் சொல்கிறேன்.

என் ஷோவில் என்றைக்கும் கைவிடாத பிட் ஒன்று உண்டு, அப்பா போன் பேசுவது. எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாகக் கத்துவார். 4 நிமிடம், சிரிப்பு அடங்காது. இதையே 11 நிமிடப் படமாக எடுத்தேன். அப்பாவாக வந்தவர் நன்றாகத்தான் நடித்தார். எடிட்டிங்கில் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் ஆட்கள் சிரிக்கட்டும் என்று 2 விநாடி இடம் வேறு விட்டிருந்தேன், மேடைப் பழக்கம். தெரிந்தவர்கள் 20 பேருக்குப் போட்டுக் காட்டியபோது அந்த இடைவெளிகளில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

யோசித்துப் பார்த்தால், மேடையில் அவர்கள் சிரித்தது அப்பாவைப் பார்த்து இல்லை, அவரை நான் பார்க்கிற விதத்துக்கு. படத்தில் நான் இல்லையே, யாரோ ஒரு பெரியவர் கத்துகிறார், அவ்வளவுதான். பதறிப்போய் வாய்ஸ் ஓவர் போட்டேன், இன்னும் மோசமானது. கடைசியில் எடிட்டர் என் வசனத்தை எல்லாம் தூக்கிவிட்டு, லைன் கட்டான பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்பா நிற்கிற ஷாட்டை வைத்தார். கட் சொல்ல மறந்து ஓடவிட்டது அது. அடுத்த முறை காட்டியபோது அங்கேதான் முதல் சிரிப்பே வந்தது.

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியன் மைக் பிர்பிக்லியா தூக்கத்தில் நடந்து, மூடிய மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தவர். அந்தக் கதையை மேடையில் சொல்லி, பிறகு 2012இல் படமாக எடுத்தார். படத்திலும் கார் ஓட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவார், அதாவது மேடையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். இன்னொரு அமெரிக்கக் காமெடியன் போ பர்ன்ஹாம் நேர் எதிர். மேடையில் பேனிக் அட்டாக் வந்து ஸ்டாண்ட்-அப்பை நிறுத்திய மனிதர், 2018இல் வந்த தன் படத்தில் அந்தப் பதற்றத்தை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, திரையில் தலையே காட்டவில்லை. நான் இரண்டும் கெட்டானாக நின்றேன். நீங்கள் எந்தப் பக்கம் என்று ஷூட்டிங்குக்கு முன்பே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காசு. என் படத்துக்குப் போட்டது முழுக்க ஷோவில் வந்த பணம், வரவேண்டிய பணத்தை நம்பி வாங்கிய கடனும் சேர்த்து. லைட் வாடகையை முன்பணமாகக் கொடுத்தால்தான் வண்டியில் ஏற்றினார்கள், அது நியாயம். ஆனால் எனக்கு ஒரு ஏற்பாட்டாளர் 7 மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார். போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நல்ல டைமிங் சார் உங்களுக்கு" என்று வைத்துவிட்டார்.